நெட்டுக்குப்பத்தில் மைக்குக்கு வெள்ளோட்டம்

மைக் வாங்க மெட்ராஸ் போறேன் என்றதும் என் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி, ஏதாச்சும் கட்சியில் சேர்ந்துவிட்டாயா என்பதுதான். மேடை மைக் இல்லீங்க, இது ஸ்டுடியோ மைக், ஜெர்மன்காரன் செஞ்சது, பக்கத்தில் மூச்சு விட்டால்கூடப் பிடிக்கும் என்று விளக்கினேன். அப்படியென்றால் அதை வைத்துக்கொண்டு வீட்டில் எப்படி நிம்மதியாக உன்னைப் பற்றிப் பேசுவது என்று கேட்டுவிட்டு, தோப்புக்குத் தண்ணி விடப் போய்விட்டார்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொள்ளாச்சி சுத்துவட்டாரத்தில் விளம்பர ஆட்டோவிலிருந்து ஒரு பெண் குரல் அடிவயிற்றிலிருந்து "ஆடித் தள்ளுபடி" என்று கூவினால், அது பெரும்பாலும் நான்தான். பேர் சாந்தாமணி. ஜவுளிக்கடை, உரக்கடை, மாட்டுத் தீவனம் என்று பேசாத சாமான் இல்லை. ஆனால் என் ஆசையெல்லாம் கதை படிப்பதில்தான். ஒரு ஆடியோ புத்தகக் கம்பெனிக்காரர்கள் நாவல் ஒன்றின் முதல் அத்தியாயத்தை மட்டும் அனுப்பி, மாதிரிக்குப் படித்து அனுப்பச் சொன்னார்கள். பீரோவுக்குள் பட்டுப்புடவைகளுக்கு நடுவே உட்கார்ந்து, வேர்த்து ஒழுகப் படித்து அனுப்பினேன். குரல் பிரமாதம், சத்தம் தகர டப்பா என்று பதில் வந்தது. மறுபடி அனுப்பினேன், மறுபடியும் தகர டப்பா. கடைசி வாய்ப்பாகச் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் நல்ல மைக்கில் படித்து அனுப்பு, இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து, பழைய சாமான் விற்கும் பக்கத்தில் இந்த மைக் கண்ணில் பட்டது. மூடப் போன ஒரு ஸ்டுடியோவில் வாங்கியதாம். விற்பவர் பேர் ஸ்டெல்லா, ஊர் ராயபுரம். போன் போட்டேன். விலையெல்லாம் போனிலேயே பேசி முடித்துவிட்டோம். "வா, பாரு, புடிச்சா தூக்கினு போ" என்றார். இவ்வளவு சுலபமாக ஒரு காரியம் முடியுமா என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. லேப்டாப்பையும் மைக்கை அதில் மாட்டும் சின்னப் பெட்டியையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வியாழக்கிழமை. ராயபுரம் போக ஷேர் ஆட்டோவில் ஏறினேன். கொஞ்ச தூரத்தில் முன்னால் ஒரு கண்டெய்னர் லாரி நின்றது. அதற்கு முன்னால் ஒன்று, அதற்கும் முன்னால் ஒன்று, ஹார்பர் கேட் வரைக்கும் லாரிதான். டிரைவர் இறங்கிப் போய் எங்கள் எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டு, வரும்போது ஷேவிங்கும் பண்ணிக்கொண்டு வந்தார். அப்பவும் லாரி நகரவில்லை. பக்கத்தில் இருந்த அம்மா மடியில் நெத்திலியைக் கொட்டித் தலை கிள்ள ஆரம்பித்தார், சும்மா இருக்கும் என்னிடமும் ஒரு கை கொடுத்தார். எங்க ஊரில் ஆட்டோ கொஞ்ச நேரம் நின்றாலே டிரைவரின் குலம் கோத்திரம் எல்லாம் இழுப்போம். இங்கே ஆள் ஆளுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறங்கும்போது என் விரலெல்லாம் நெத்திலி வாடை, மனசெல்லாம் சந்தோஷம்.

ஸ்டெல்லா அக்காவுக்கு ஐம்பது வயசுக்குப் பக்கம் இருக்கும். மாதா கோயில் பாட்டுக் குழுவில் முதல் குரல் அவருடையதுதான். ரயில் பாதையை ஒட்டின சந்தில் மாடி வீடு. பின்பக்க அறையில் மாதா பாட்டும் கானாப் பாட்டும் இந்த மைக்கில்தான் பதிவு செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். இப்போது தம்பி ஆல்பர்ட்டோடு சேர்ந்து கடலோரம் நெட்டுக்குப்பத்தில் மீன் பிடிக்க ஒரு பைபர் படகு, அவர்கள் பேச்சில் போட்டு, வாங்குகிறார். அதில் அக்கா பங்குக்குத்தான் மைக்கை விற்கிறார்.

முதலில் சாப்பிடு என்று உட்கார வைத்தார். வஞ்சிரக் குழம்பு. நாங்க ஆழியாறு டேம் மீனைத் தேங்காயை அரைத்து ஊற்றி, குழந்தைக்கு ஊட்டுவது மாதிரி சமைப்போம். இது காதுவழியாகப் புகை வரும் குழம்பு. கண்ணில் தண்ணி கொட்ட, "நல்லாருக்குதுங்க்கா" என்றேன். அழுதுகொண்டே இன்னொரு துண்டு கேட்ட ஆளை அவர் அன்றைக்குத்தான் பார்த்தாராம்.

அப்புறம் அந்தப் பெட்டியைத் திறந்தார். எவர்சில்வர் டப்பாவுக்குள் மரப்பெட்டி, மரப்பெட்டிக்குள் துணி, துணிக்குள் மைக். சுற்றிலும் செருப்பு டப்பாவில் வருமே, ஈரம் உறிஞ்சும் சின்னச் சின்னப் பொட்டலம், அதுதான் ரெண்டு கை நிறைய. கடல் காத்தில் உப்பு ஏறி மைக்கில் சத்தம் பொரிய ஆரம்பித்துவிடும் என்று தெருவில் யார் செருப்பு வாங்கினாலும் பொட்டலத்தைக் கேட்டு வாங்கிவிடுவாராம். உத்து உத்துப் பார்த்தேன். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோதுகூட நான் இவ்வளவு ஆசையாக எதையும் பார்க்கவில்லை. பையிலிருந்து பணத்தை எடுத்தேன். அக்கா டப்பாவை டப்பென்று மூடிவிட்டார்.

"இன்னா அவசரம்? இன்னும் வெள்ளோட்டம் போவலியே."

எனக்குப் புரியவில்லை. அப்புறம்தான் பொறுமையாகச் சொன்னார். அவர்கள் வீட்டில் அப்பா, தாத்தா எல்லோரும் கடலுக்குப் போனவர்கள். பழைய படகோ, இன்ஜினோ, வலையோ, வெள்ளோட்டம் போகாமல் கை மாறாது. வாங்குபவர் ஓட்டவேண்டும். விற்பவர் கூடவே வரவேண்டும், ஆனால் வாயைத் திறக்கக்கூடாது. அன்றைக்கு வலையில் விழுவது மொத்தமும் விற்பவர் பக்கத்துக்கு. வலை காலியாக வந்தால் வியாபாரமே கிடையாது. போன வருஷம் எதிர் வீட்டுக்கு மிக்ஸி விற்றபோதும் இப்படித்தானாம். அவர்கள் வந்து சட்னி அரைத்தார்கள், அந்தச் சட்னியை இவர்கள் சாப்பிட்டார்கள், அப்புறம்தான் மிக்ஸி போனது.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மைக்கில் உப்பு ஏறியிருக்கிறதா என்று எனக்கும் பார்க்கத்தானே வேணும் என்று ஒத்துக்கொண்டேன். சுத்தமாக ஒரு பதிவு வந்தால் அதுதான் மீன், வராவிட்டால் வலை காலி என்று பேசிக்கொண்டோம். அப்போதே வடபழனியிலிருந்து ஒரு ஸ்டுடியோ தம்பி போன் பண்ணினார், இதே மைக்கைக் கேட்டு. சனிக்கிழமை வரைக்கும் பொள்ளாச்சிப் பொண்ணு முறை, அதுக்கு வலை காலின்னா நீ வா என்று அக்கா என் முன்னாலேயே அவரிடம் சொல்லி வைத்தார்.

வாசலைச் சாத்தி, ஜன்னலைச் சாத்தி, ஹெட்போனை மாட்டினேன். ஐயோ, அந்த மைக்கின் காதைப் பார்க்கணுமே! கீழ் வீட்டுக் குக்கர், சந்துமுனையில் யாரோ சில்லறை எண்ணுவது, எதிர் வீட்டம்மா கொட்டாவி விட்டு "யேசப்பா" என்றது, எல்லாம் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு வரி படிப்பேன், ரயில் போகும். ரயில் போனதும் லாரி ஹாரன். லாரி ஓய்ந்தால் ஹார்பரில் கப்பல் ஊதும். கப்பல் முடித்தால் மறுபடி ரயில். அக்கா விதிப்படி வாயைத் திறக்காமல், ஒவ்வொரு ரயிலுக்கும் கையைத் தூக்கி, இரு, போகட்டும் என்று சைகை காட்டினார். சாயங்காலம் வரைக்கும் கையைத் தூக்கினபடிதான் இருந்தார். எனக்கு ஒரு பக்கம்கூட முழுசாக வரவில்லை.

கவலைப்படாமல் அத்தோ சாப்பிடப் போனோம். பர்மாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ் அது. கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணி எல்லாம் போட்டு, கரண்டியே இல்லாமல் கையால் பிசைந்து தருகிறார்கள். கூட வாழைத்தண்டு சூப். எங்க ஊரில் வாழைத்தண்டு என்றால் வைத்தியம், சிறுநீரகக் கல் வந்தவர்தான் குடிப்பார். இங்கே மூன்றாம் தடவை ஊற்றிக் குடித்தேன். எனக்குக் கல் எதுவும் இல்லை, ருசிக்குத்தான்.

வெள்ளிக்கிழமை திருவொற்றியூர். தேரடிப் பக்கம் நான் தங்கியிருந்த லாட்ஜில் பின்பக்க ரூம் அமைதியாக இருக்கும் என்று மேனேஜர் சத்தியம் பண்ணியிருந்தார். மைக்கைத் தனியாக அனுப்பமாட்டேன் என்று அக்காவும் ஆட்டோவில் டப்பாவை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டு வந்துவிட்டார். ரெண்டு பேரும் ஒரே போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். முதல் பாரா வெண்ணெய் மாதிரி வந்தது. ரெண்டாவது பாராவில் பின்பக்க மண்டபத்தில் தவில், பேண்டு, ட்ரம்ஸ் எல்லாம் ஒன்றாகக் கிளம்பியது. ஒரு பாப்பாவுக்கு மஞ்சள் நீராட்டு விழா.

கொஞ்சம் மெதுவாக வாசிக்கச் சொல்லலாமே என்று போனோம். பாப்பாவின் மாமா எங்கள் கஷ்டத்தைப் பொறுமையாகக் கேட்டார், ரொம்ப வருத்தப்பட்டார், ஆனால் பேண்டை நிறுத்தவில்லை. அதற்குப் பதிலாகப் பிரியாணிப் பந்தியில் உட்காரவைத்தார். பாட்டுக்காரம்மா வந்திருக்காங்க என்று எப்படியோ தெரிந்துவிட, ஸ்டெல்லா அக்காவை மேடையில் ஏற்றிவிட்டார்கள். அக்கா மாதா பாட்டு மெட்டில் பாப்பா பேரைப் போட்டு அங்கேயே ஒன்று கட்டிப் பாடினார். நான் "ஆடித் தள்ளுபடி" குரலில் மொய் எழுதியவர்கள் பேரை வாசித்தேன். அப்படி ஒரு கைதட்டு. மீன் விழாவிட்டாலும் மட்டன் விழுந்தது.

ரூமுக்குத் திரும்பி கிரீச்சென்று சுத்தும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்தபோதுதான் பயம் வந்தது. நாளைக்குச் சாயங்காலம் கெடு. மைக் இந்த ஊரில் இருக்கிறது, இந்த ஊரில் சத்தமில்லாத இடமே இல்லை. வெறுங்கையோடு போனால் காலம் முழுக்க மாட்டுத் தீவனம்தான். அந்த நாவலில் அடுத்து என்ன நடக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாமலே போய்விடும். அது வேறு வயித்தெரிச்சல்.

சனிக்கிழமை விடியலில் அக்கா என்னை நெட்டுக்குப்பத்துக்குக் கூட்டிப்போனார். அன்றைக்கு அவர்கள் வாங்கப்போகும் போட்டுக்கு வெள்ளோட்டம். மைக் டப்பாவும் கூடவே வந்தது. ஒரு பக்கம் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள், அந்தப்பக்கம் காட்டுப்பள்ளி வரைக்கும் கிரேன்கள், நடுவே முகத்துவாரத்தில் வரிசையாகப் போட்டுகள். நானும் ஏறுவேன் என்று அடம்பிடித்து ஏறினேன். முகத்துவாரத்தைத் தாண்டினதும் முந்தாநாள் வாழைத்தண்டு சூப் வரைக்கும் எல்லாம் கடலுக்குப் போனது. ஆல்பர்ட் ஓட்டினார். போட்டை விற்பவர் முனையில் வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்ஜின் ஒரு தடவை இருமினபோது மட்டும் அவர் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன்.

மடவை, நண்டு, இறால் என்று வலை நிறைய விழுந்தது. கரைக்கு வந்ததும் ஆல்பர்ட் ஒரு இறாலைக்கூடத் தொடவில்லை, மொத்தத்தையும் விற்றவர் வீட்டுக் கூடையில் கொட்டிவிட்டு நகர்ந்துகொண்டார். அவ்வளவுதான், போட்டு இவர்களுடையது. அக்கா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கூடவே ஒரு கவலையும் வந்தது. சாயங்காலம் அவர் பங்கைக் கொடுக்கவேண்டும், அதற்கு என் மைக் வெள்ளோட்டம் ஜெயிக்கவேண்டும். வடபழனித் தம்பி வந்து பார்க்க இன்னும் ரெண்டு மூன்று நாள் ஆகுமாம். இப்போது மீன் விழவேண்டியது எனக்கு மட்டுமில்லை, அவருக்கும்தான்.

மரத்தடியில் மைக்கை எடுத்துப் பார்த்தோம். காத்து உய்யென்று அடித்தது. அந்தப்பக்கம் பவர் ஹவுஸ் விடாமல் ஒரு சுருதி போட்டது. அப்போதுதான் கரீம் பாயைக் கவனித்தேன். வண்ணாரப்பேட்டைக்காரர், ஐஸ் போட்டு மீன் ஏற்றும் பெட்டி வண்டி ஓட்டுபவர். போன் வந்தால் அவர் வண்டியின் பின்கதவைத் திறந்து உள்ளே போய்ச் சாத்திக்கொள்வார். பேசி முடித்து வேர்க்க விறுவிறுக்க வெளியே வருவார், அடுத்த போனுக்கு மறுபடி உள்ளே போவார். ஏனுங்க பாய், உள்ளே என்ன என்று கேட்டேன்.

"வூட்டுல பேசணும்னா இதுக்குள்ளதாம்மா வருவேன். கதவ சாத்திட்டா வெளில ஒரு எழவும் கேக்காது."

எனக்குப் பொறி தட்டியது. ஓடிப்போய் ஏறிக் கதவைச் சாத்தினேன். பவர் ஹவுஸ் இல்லை, காத்து இல்லை, காக்கா இல்லை. ஐஸ் உருகாமல் இருக்கக் கட்டின சுவர், சத்தத்தையும் வெளியே நிறுத்திவிட்டது. ஆனால் கையைத் தட்டினால் கிணத்துக்குள் தட்டினது மாதிரி கணகணவென்றது. என் பீரோ ஞாபகம் வந்தது. அங்கே அந்தக் கணகணப்பை விழுங்கியது பட்டுப்புடவை. இங்கே புடவைக்கு எங்கே போக? படகோடு சேர்த்து வாங்கின பழைய வலைகள் கரையில் மலையாகக் கிடந்தன. ஆல்பர்ட்டும் நானும் அத்தனையும் தூக்கி உள்ளே சுவரோரம் கூரை வரைக்கும் அடைத்தோம். மறுபடி கையைத் தட்டினேன். பட் என்று அங்கேயே செத்து விழுந்தது சத்தம். நாத்தத்தை மட்டும் கேட்காதீங்க.

சீக்கிரம் முடிக்கணும், லோடு ஏத்தணும், ஐஸ் காத்திருக்கு என்றார் கரீம் பாய். நானும் அக்காவும் உள்ளே போனோம். கதவு சாத்தினார்கள். லேப்டாப் வெளிச்சத்தில் வலைக்குவியல் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். எதைப் படிப்பது? கையில் இருந்தது அந்த அத்தியாயம்தான். ஒரு தையற்காரியின் கதை. யாரோ பிரித்துத் தைக்கச் சொல்லிக் கொடுத்த பழைய கோட்டின் உள்துணியில் ஒரு சாவி தைத்து வைத்திருக்கிறது. யார் சாவி, எந்தப் பூட்டு என்று அவள் தேட ஆரம்பிக்கிறாள்.

படித்தேனுங்க. என் ஆயுசில் அப்படிப் படித்ததில்லை. உடம்பெல்லாம் வேர்வை, மீன் வாடையில் மூக்கு மரத்துவிட்டது. குரல் மட்டும் என் பேச்சைக் கேட்டு ஏறியது, இறங்கியது. எதிரே அக்கா விதிப்படி வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் அவர் கண் விரிந்து, மைக்கை மறந்து கதையில் போய்விட்டதைப் பார்த்தேன், எனக்கு இன்னும் குஷி. கடைசி வரி வந்தது. ராத்திரி, தையற்காரி விளக்கை அணைக்கப் போகிறாள், கதவு தட்டப்படுகிறது. அத்தோடு அத்தியாயம் முடிகிறது. நான் அந்த வரியைச் சொல்லி மூச்சை இழுக்கவும், வண்டிக் கதவு டொக் டொக் என்று தட்டப்பட்டது.

அக்கா போட்ட கூச்சலில் நானும் கூச்சல் போட்டேன். உள்ளே இருப்பது உசிரோடு இருக்கிறதா என்று பார்க்கத்தான் கரீம் பாய் தட்டியிருக்கிறார்.

வெளியே வந்து ஹெட்போனில் கேட்டேன். உப்பு ஏறவே இல்லை. ஒரு பொரிப்பு இல்லை, தகரம் இல்லை. என் குரல், என் காதுக்குள், எனக்கே புதுசாக. சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். கெடுவுக்கு நிறைய நேரம் இருந்தது. அனுப்பலாம் என்று போனை எடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்தார்.

"சாந்தா, இது வெள்ளோட்டத்து மீனு. எங்களுது."

விழுவது விற்பவர் பக்கத்துக்கு என்று முதல் நாளே சொன்னார், அன்றைக்குக் காலையில்தான் கண்ணாலும் பார்த்தேன். இருந்தும் மடச்சி மாதிரி என் தலையெழுத்தையே வெள்ளோட்டத்தில் போட்டுவிட்டேன். ஏதாவது ரெண்டு வரி பாட்டு படித்திருந்தால் போதுமே! சரி, இன்னொரு தடவை படித்துவிடுகிறேன் என்றால், கரீம் பாய் வலைகளை இறக்கிக்கொண்டிருந்தார், லோடு வந்துவிட்டது. லேப்டாப்பில் சார்ஜும் முடியப்போகிறது. நகல் ஒன்று தாங்க என்று கெஞ்சினேன். ஆல்பர்ட் சங்கடமாகத் தலையைச் சொறிந்தார், காலையில் நாங்க ஒரு இறால் தொட்டோமா என்று மட்டும் கேட்டார்.

அக்கா மைக்கைத் துணியில் சுற்றி டப்பாவுக்குள் வைத்தார். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அப்புறம் திடீரென்று முகம் தெளிந்து, எங்க மீன் எங்களுதுதான், ஆனா கரைக்கு வந்த மீனை ஏலம் விட்டுத்தானே ஆகணும், யார் வேணாலும் எடுக்கலாம் என்றார். பணம் மட்டும் கூடாது, மைக்குக்குத்தான் விலை பேசியாச்சு என்றும் சொன்னார்.

ஏலம் விட்டது ஆல்பர்ட். மீனைக் காட்டாமல் எப்படி ஏலம் விடுவது என்று, கரீம் பாயின் ஸ்பீக்கரில் என் அத்தியாயத்தைப் போட்டார். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள், நண்டு விற்கும் அம்மாக்கள், லோடு தூக்க வந்தவர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். முதலில் சலசலப்பு. சாவி வந்ததும் அடங்கிவிட்டார்கள். லோடு தூக்க வந்தவர் கூடையைத் தலையில் வைத்தபடியே நின்றார். கடைசியில் கதவு தட்டப்பட்டு, எங்கள் ரெண்டு பேர் கூச்சலும் கேட்டதும் மொத்தக் கூட்டமும் சிரித்து ஓய்ந்தது. அப்புறம் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"அப்பால இன்னா? தட்னது யாரு?" என்றார் ஒரு நண்டுக்கார அம்மா.

தெரியாதுங்க, எனக்குக் கொடுத்ததே இவ்வளவுதான், வேலை கிடைத்தால்தான் மிச்சம் தருவார்கள் என்றேன். அந்த அம்மாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்கணும். பாதிக் கதையைச் சொல்லிவிட்டுப் போவது என்ன பழக்கம், இது ரொம்பப் பேஜாரு என்று சண்டைக்கு வந்துவிட்டார்.

ஏலம் ஆரம்பித்தது. ஒரு கூடை நண்டு என்றார் அதே அம்மா. ஒரு பெட்டி இறால் என்றார் கரீம் பாய், அது அவருடைய இறாலே இல்லை. நான் ஒரு மூட்டை பொள்ளாச்சித் தேங்காய் என்றேன், யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கரீம் பாய் ரெண்டு பெட்டி என்று ஏற்றினார். ஆல்பர்ட் ஒரு தரம் என்றார். என்னிடம் வேறு என்ன இருக்கிறது? ரெண்டு தரம் என்றார். கையைத் தூக்கிச் சொன்னேன்.

"தட்டினது யாருன்னு உங்களுக்குத்தான் மொதல்ல சொல்லுவனுங்க. வீட்டுக்காரருக்குக்கூட அப்பறந்தானுங்க."

கரீம் பாய் கையைக் கீழே போட்டார், இதுக்கு மேல் நம்மால் ஆகாது என்றார். நண்டுக்கார அம்மா அக்காவைப் பார்த்துத் தலையாட்டினார். பேரம் முடிந்ததென்று அக்கா என் உள்ளங்கையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். வேர்த்த கை, மீன் கை, நல்ல சத்தம் வந்தது. மூணு தரம் என்று ஆல்பர்ட் சொல்லவே இல்லை.

அங்கேயே நின்று, லேப்டாப் சார்ஜ் தீருவதற்குள் எங்கள் கூச்சலை மட்டும் வெட்டிவிட்டு அனுப்பினேன். வெட்டின கூச்சலை அக்கா தன் போனில் வாங்கிக்கொண்டார். பணம் கை மாறியது, மைக் என் மடிக்கு வந்தது. எவர்சில்வர் டப்பாவோடும் செருப்புக்கடைப் பொட்டலங்களோடும் கொடுத்துவிட்டு, வழியில் டப்பாவைத் திறந்து திறந்து பார்க்காதே, காத்து பூந்துடும் என்று திட்டினார். ரயிலில் என் சீட்டைச் சுற்றி எல்லோரும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டார்கள். கொஞ்சம் தள்ளி உட்காரும்மா என்றார் ஒரு பெரியவர். நான் விடிய விடியச் சிரித்துக்கொண்டே வந்தேன். பீரோவில் இருக்கும் பட்டுப்புடவைகளில் இன்னமும் லேசாக நெட்டுக்குப்பம் அடிக்கிறது.

கம்பெனியிலிருந்து பதில் வந்த அன்றைக்கு நான் அடுப்படியில் இருந்தேன். முழு நாவலையும் அனுப்பியிருந்தார்கள். எந்த ஸ்டுடியோவில் பதிவு செய்தீர்கள், இவ்வளவு அமைதியாக இருக்கிறதே என்று கேட்டிருந்தார்கள். பதில் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று அடுப்பை அணைத்துவிட்டு ரெண்டாம் அத்தியாயத்தைத் திறந்தேன். நின்றபடியே படித்தேன். தட்டினது யாரென்று தெரிந்ததும் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. என்ன, என்ன என்று வீட்டுக்காரர் ஓடிவந்தார். உங்களுக்கு இப்ப சொல்லமுடியாதுங்க என்றேன். உங்களுக்கும்தான், கோவிச்சுக்காதீங்க. ஏலம் ஏலம்தான்.

ராயபுரத்துக்குப் போன் போட்டேன். ஸ்டெல்லா அக்கா எடுத்ததும், யாருன்னு தெரிஞ்சுபோச்சுங்க்கா என்றேன். அந்தப்பக்கம் ஒரே களேபரம். நெட்டுக்குப்பத்தையும் ஆல்பர்ட் வேறொரு போனில் பிடித்துவிட்டார், நண்டுக்கார அம்மாவின் குரல் கேட்டது, கரீம் பாய் வண்டியை ஓரங்கட்டிவிட்டேன் சொல்லும்மா என்றார். நான் பீரோவுக்குள் போய் உட்கார்ந்து, கதவைச் சாத்தி, மைக்கின் முன்னால் போனை வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, முதல் வார்த்தையைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"இரு, இரு," என்றார் அக்கா. "ட்ரெயின் போவட்டும்."

அவர் கை தூக்கியிருப்பது எனக்குத் தெரிந்தது. பொள்ளாச்சியில், மூச்சை அடக்கிக்கொண்டு, ராயபுரத்து ரயில் கடைசிப் பெட்டி வரைக்கும் போய் முடியட்டும் என்று நானும் காத்திருந்தேன்.